ஐம்பத்தோரு நிமிடம்

ரிஸ்வானா அனுப்பியது பாட்டு அல்ல,
பாட்டு ஓடிய அறை.

கீழக்கரைக்காரி. மதுரையில் ஜெர்மன் வகுப்பில்
எனக்கு ஒரே பெஞ்ச்.
முதல் தடவையே தேறிப் போய்விட்டாள்.
அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
பதினேழாம் அறைப் பெரியவர்
தினமும் போடச் சொல்கிற இசைத்தட்டை
மேசைமேல் போனை வைத்துப் பிடித்திருக்கிறாள்.
"கேட்டுப் பழகு. உச்சரிப்புக்கு நல்லது."

பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையம்,
இரவு பதினொன்றே கால்.
வாடை வடகடலைத் தட்டித் தட்டி எழுப்புகிறது.
ஊசி அறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை,
பஞ்சை மடித்து அடைத்திருக்கிறேன்.

முதலில் முள் தேய்கிற சரசரப்பு.
பிறகு பியானோ,
பாசிப்படியில் இறங்குகிறவன் போல
ஒவ்வொரு கட்டையாகப் பார்த்துப் பார்த்து.
பிறகு ஒரு ஆண்குரல்.
பதினான்கு பாட்டுக்கும் அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி ஜெர்மன்.
எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து,
குத்துகிறதா எரிகிறதா,
பத்துக்கு எத்தனை,
இங்கே கையெழுத்திடுங்கள்.
ஷ்மெர்ட்ஸ் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.
வலி. ஏழாம் பாடம்.
எங்கே என்று மட்டும் அவன் சொல்வதில்லை.

ஷ்னே என்றால் பனி என்று எழுதி வைத்திருக்கிறேன்.
எங்கள் பனி மார்கழியில் வலைமேல் இறங்கி
ஏழு மணிக்குள் காணாமல் போகும்,
அதன்மேல் யாரும் நடந்ததில்லை.
அவன் ஊரில் ஆறே கட்டிப்போய்விட்டதாம்,
கதையை ரிஸ்வானா சொன்னாள்.
அவன் ஓடக்காரன்.
சனங்கள் கால்நடையாக அக்கரை போகிறார்கள்,
குதிரை வண்டிகூடப் போகிறது.
ஓடம் கவிழ்ந்து கிடக்கிறது.

பன்னிரண்டுக்கு சவேரியடிமையைத் தூக்கி வந்தார்கள்.
திருக்கை முள், குதிகாலுக்கு மேலே.
எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தேவையில்லை,
காலைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினார்.
பொறுக்கிற சூட்டில் வெந்நீர்,
வாளிக்குள் கால்.
அந்த விஷம் சூட்டுக்குத்தான் அடங்கும்.
போனை நிறுத்த மறந்துவிட்டேன்.

"யாரு செத்தது, சிஸ்டர்?"
யாருமில்லண்ணே. ஓடக்காரன் ஒருத்தன்.
ஆறு ஐஸாப் போச்சு, தொழில் இல்ல.
"தடைக்காலமா?"
ஆமா மாதிரிதான்.
"எத்தன நாளு?"
தெரியல. பதினாலு பாட்டு.
"நிவாரணம் குடுப்பானா?"
அதற்கு எந்தப் பாடத்திலும் விடை இல்லை.

அவர் உறங்கியபின்
இயர்போனைச் செருகி முதலிலிருந்து கேட்டேன்.
இம்முறை பாட்டுக்கு அடியில் கிடந்ததெல்லாம் கேட்டது.
ஆக்சிஜன் இயந்திரத்தின் முனகல்.
வராந்தாவில் சாப்பாட்டு வண்டியின் ஒற்றைச் சக்கரம்.
ஏழாவது முடிந்து தட்டைத் திருப்புகையில்
ரிஸ்வானா தன்னை மறந்து,
"தண்ணி குடிக்கிறியளா?"
யா, என்கிறார் அவர்.

பிறகு மூச்சு.
என் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது.
நிமிடத்துக்கு இருபத்தெட்டு.
நீண்ட வரிக்குப் பாடகன் மூச்சைப் பிடிக்கிற இடத்தில்
அவரும் பிடிக்கிறார்,
முடியாமல் பாதியில் விடுகிறார்,
அடுத்த வரிக்கு மறுபடி பிடிக்கிறார்.

கடைசிப் பாட்டிலாவது உருகும் என்று இருந்தேன்.
கவிழ்ந்த ஓடத்தின்மேல் உட்கார்ந்து
அவன் துடுப்பைச் சீவிக்கொண்டிருக்கிறான்.
பியானோ மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு
நிற்கிறது.
தட்டு சும்மா சுற்றுகிற சத்தம்,
நாற்பது விநாடி.
முள்ளை யாரும் எடுக்கவில்லை.

பெரியவர் எப்படி இருக்கிறார் என்று அடித்தேன்.
அவள் அனுப்பி ஆறு வாரம் ஆகிறது.
அழித்தேன்.
"உச்சரிப்பு தெளிவா இருக்கு" என்று அனுப்பினேன்.

விடியலில் சவேரியடிமை
மகன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே
வாசலில் திரும்பினார்.
"அவனுக்கு ஐஸு உருகுச்சா, சிஸ்டர்?"

உருகிரும்ணே, என்றேன்.
ஏழாம் பாடத்தின் கடைசி வாக்கியம் அது.
ஆறின வாளித் தண்ணீரை
வேலி ஓரம் ஊற்றினேன்.